தொலைவிலிருந்தே மனநல ஆலோசனை: இலவசமாகவும் குறைந்த செலவிலும் பெறுவது எப்படி?

மனம் சரியில்லை, யாரிடமாவது முறையாகப் பேச வேண்டும் என்று முடிவெடுப்பதற்கே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. முடிவெடுத்த பிறகு பணம் குறுக்கே நிற்கிறது. பணப் பிரச்சினை இல்லாதவருக்குத் தூரம், கிடைக்காத விடுப்பு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம். இருந்த இடத்திலிருந்தே ஃபோனிலோ வீடியோ காலிலோ சாட்டிலோ, இலவசமாக அல்லது கையைக் கடிக்காத கட்டணத்தில், ஆலோசனை பெற இன்று பல வழிகள் இருக்கின்றன. ஆனால் தேடத் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘இலவச கவுன்சலிங்’ என்று தேடினால் ஹெல்ப்லைன், ஆப், தன்னார்வ அமைப்பு, அரசுத் திட்டம், தனியார் நிறுவனம் எல்லாம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். இவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல. தொடர் சிகிச்சை தேவைப்படும் ஒருவர் ஹெல்ப்லைனை அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவர் அன்பாகக் கேட்கிறார், அரைமணி நேரத்தில் பேச்சு முடிகிறது. ‘இவ்வளவுதானா கவுன்சலிங்? எனக்கு இது உதவாது’ என்று முடிவுகட்டிவிடுகிறார். அவருக்குக் கிடைத்தது கவுன்சலிங்கே இல்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

புதிதாகத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இலவசம் என்றாலும் அதற்கு யாரோ பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசாக இருக்கலாம், நன்கொடையாளராக இருக்கலாம், நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனமாகவோ ஒரு பயிற்சி நிலையமாகவோ இருக்கலாம். சில இடங்களில் பணத்துக்குப் பதிலாக உங்கள் தகவல் போகிறது. கொடுப்பது யார் என்று தெரிந்துகொண்டால், அங்கே என்ன கிடைக்கும், எத்தனை நாள் கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த நேரத்தில் வலுவாக இருக்கிறது என்றால், இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ நெருக்கடி ஹெல்ப்லைனையோ இப்போதே அழையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் ‘என்னைத் தனியாக விடாதே’ என்று சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 15555, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14. வேறு நாட்டில் இருந்தால் ‘ஃபைண்ட் எ ஹெல்ப்லைன்’ அல்லது ‘பெஃப்ரெண்டர்ஸ் வேர்ல்ட்வைட்’ இணையதளத்தில் நாட்டின் பெயரைக் கொடுத்து எண்ணைத் தேடலாம்.

யாரிடம் பேசப் போகிறோம்?

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்துவிட்டு அதற்குமேல் மனநலத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். உளவியலாளர், அதாவது சைக்காலஜிஸ்ட், உளவியல் படித்துப் பயிற்சி பெற்றவர். பெரும்பாலான நாடுகளில் இவர் மருந்து எழுதுவதில்லை, பேச்சு வழியாகவே சிகிச்சை தருவார். கவுன்சலர் துக்கம், உறவுச் சிக்கல், வேலை அழுத்தம், பதற்றம் போன்றவற்றில் உதவப் பயிற்சி பெற்றவர். இந்த வரிசையில் கடைசியாக வருபவர், ஹெல்ப்லைனில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்கும் தன்னார்வலர்.

இதில் எச்சரிக்கை தேவைப்படுவது ‘கவுன்சலர்’ என்ற பெயர் விஷயத்தில்தான். பல நாடுகளில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவரும் தன்னைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு மூன்று வருடம் முறையாகப் படித்தவரும் சொல்லிக்கொள்ளலாம். அதனால் பெயரைப் பார்த்து நம்பிவிடாமல், என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்கான கவுன்சலர் இந்தக் கேள்விக்குப் பழகியிருப்பார்.

ஹெல்ப்லைன் எதற்காக இருக்கிறது?

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். பல வருடங்களுக்கு முன்பு அவர் முன்நின்று நடத்திய முதல் இறுதிச் சடங்கு, 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. மாதவிடாய் தொடங்கியதைப் பால்வினை நோய் என்று நினைத்துப் பயந்து, கேட்பதற்கு யாருமில்லாமல் உயிரை விட்டவள் அவள். சாட் வாராவின் அறிவிப்பைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களோடு சில தன்னார்வலர்கள் சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள். வந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசியதோடு ஆறுதலடைந்து, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப் போனதை அவர் கவனித்தார். மறு வருடமே தொலைபேசியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் உருவானது. பின்னாளில் உலகெங்கும் வந்த ஹெல்ப்லைன்களில் பலவும் அந்த வழியைப் பின்பற்றியவை.

ஹெல்ப்லைனின் பலமும் எல்லையும் இந்தக் கதையிலேயே இருக்கின்றன. மறுமுனையில் இருப்பவர் அறிவுரை சொல்லப் பயிற்சி பெற்றவர் அல்ல. தீர்ப்புச் சொல்லாமல் கேட்கவும், ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்கவும் பயிற்சி பெற்றவர். அப்படி நேராகக் கேட்பது புதிதாக அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்கப்பட்டதே பலருக்கு நிம்மதியாக இருக்கிறது. நள்ளிரவில் மனவேதனை தாங்க முடியாமல் இருக்கும்போது ஹெல்ப்லைனைவிட நல்ல உதவி கிடையாது. ஆனால் அடுத்தமுறை அழைத்தால் வேறு ஒருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆறு மாதமாகத் தொடரும் மனச்சோர்வை வாரா வாரம் கூட இருந்து சரிசெய்ய அங்கே ஆள் இல்லை. அதற்கு வேறு இடம் தேட வேண்டும்.

இன்னொன்று: ‘சாகும் அளவுக்கு எனக்கு ஒன்றுமில்லையே, அழைக்கலாமா?’ என்று தயங்குகிறவர்கள் ஏராளம். தாராளமாக அழைக்கலாம். பெரும்பாலான ஹெல்ப்லைன்கள் தனிமைக்கும் துக்கத்துக்கும் குடும்பச் சண்டைக்கும் சேர்த்துத்தான் இயங்குகின்றன.

தொடர் ஆலோசனை எங்கே கிடைக்கும்?

அரசுத் திட்டங்களை முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய பேச்சு சிகிச்சைத் திட்டம் இப்போது ‘என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. பதற்றம், மனச்சோர்வு உள்ளவர்கள் டாக்டரின் பரிந்துரை இல்லாமல் தாங்களே பதிவு செய்யலாம், ஃபோனிலோ வீடியோவிலோ சிகிச்சை பெறலாம். இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ், பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் வழிகாட்டுதலில் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவர் போன்ற வல்லுநர்களிடம் இணைப்பார். மற்ற நாடுகளிலும் இதுபோன்ற ஏற்பாடுகள் இருக்கலாம், சுகாதாரத் துறையின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அரசுத் திட்டங்களில் இரண்டு சிரமங்கள் வரலாம். காத்திருக்க வேண்டியிருக்கும். அமர்வுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கும். அதனால் தேவை முற்றும்வரை பொறுக்காமல் இப்போதே பெயரைப் பதிந்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் வேறு சிறிய உதவிகளைப் பயன்படுத்துவதுதான் நல்லது.

வேலையில் இருப்பவர்கள் பலர் கையில் வைத்துக்கொண்டே அறியாமல் இருப்பது, ஊழியர் உதவித் திட்டம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஈ.ஏ.பி.’ என்பார்கள். நிறுவனம் ஒரு வெளி அமைப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிடும். ஊழியருக்கு ஒரு பிரச்சினைக்கு மூன்று முதல் எட்டு அமர்வுகள் வரை இலவசமாகக் கிடைப்பது வழக்கம், பல திட்டங்களில் குடும்பத்தாருக்கும் உண்டு. ‘ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமே’ என்ற பயம் நியாயமானதுதான். வழக்கமான ஏற்பாட்டில், எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற மொத்தக் கணக்குதான் நிறுவனத்துக்குப் போகும், யார், எதற்காக என்பது போகாது. இருந்தாலும் முதல் அழைப்பிலேயே ‘என் நிறுவனத்துக்கு என்ன தகவல் போகும்?’ என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எச்.ஆரிடம் போய் விசாரிக்கத் தயக்கமாக இருந்தால், பணியில் சேரும்போது தந்த ஆவணங்களிலோ நிறுவனத்தின் உள் இணையதளத்திலோ அழைக்க வேண்டிய எண் இருக்கும். மாணவர்களுக்கு இதே இடத்தில் கல்லூரியின் ஆலோசனை மையம் இருக்கிறது. இப்போது அவற்றில் பல, வீடியோ வழியாகவும் பேசுகின்றன.

குறைந்த கட்டணத்தில் நல்ல ஆலோசனை கிடைக்கும் இடங்களில் எனக்கு அதிக மதிப்பு உள்ளது பயிற்சி மையங்கள் மீதுதான். உளவியல் முதுகலையும் அதற்கு மேலும் படிப்பவர்கள் மேற்பார்வையில் குறிப்பிட்ட மணி நேரம் ஆட்களைப் பார்த்தாக வேண்டும். அதற்காகப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் மையங்களில் கட்டணம் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. ‘கற்றுக்கொள்கிறவர் நம்மிடம் பழகுவதா?’ என்று தோன்றலாம். ஆனால் அந்த மாணவர் உங்கள் விஷயத்தை, பெயரைச் சொல்லாமல், அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளரோடு தொடர்ந்து கலந்துபேசுகிறார். அடுத்த அமர்வுக்குத் தயாராகி வருகிறார். தனியாகத் தொழில் நடத்தும் எல்லோருக்கும் அந்த மேற்பார்வை இருக்கிறது என்று சொல்ல முடியாது. படிப்பு ஆண்டு முடியும்போது அவர் விலகிப்போவார் என்பதுதான் குறை. எப்போது முடியும் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தனியார் கவுன்சலர்களில் பலர் ‘ஸ்லைடிங் ஸ்கேல்’ என்ற முறை வைத்திருக்கிறார்கள். வருமானத்துக்கு ஏற்ப கட்டணம் மாறும். சிலர் குறைந்த கட்டணத்துக்கு என்றே வாரத்தில் சில இடங்களை ஒதுக்கி வைப்பார்கள். வெளியே பலகை வைத்துச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் தெரியும். இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்: ‘உங்களிடம் ஆலோசனை பெற விரும்புகிறேன். ஒரு அமர்வுக்கு என்னால் இவ்வளவுதான் தர முடியும். குறைந்த கட்டண இடம் இருக்கிறதா? இல்லையென்றால் வேறு யாரையாவது பரிந்துரைக்க முடியுமா?’ கடைசிக் கேள்வி முக்கியம். மறுக்கிற கவுன்சலர்கூட இன்னொருவரின் பெயரைச் சொல்லுவார்.

செலவைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. வாரம் ஒருமுறைக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசலாம். குழு சிகிச்சையில் செலவு பலரிடையே பகிரப்படுவதால் கட்டணம் குறையும், பதற்றம், துக்கம், குடிப்பழக்கம் போன்றவற்றில் அது தனி ஆலோசனைக்குச் சளைத்ததல்ல. குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கு 1935 முதல் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் கூட்டங்கள் இலவசம், இணைய வழியிலும் நடக்கின்றன.

ஒரே ஒரு அமர்வுக்குத்தான் வசதி என்றால் அதுவும் வீண் இல்லை. 1980களில் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய மோஷே டால்மன் என்ற உளவியலாளர் பழைய பதிவேடுகளைப் பார்த்தபோது, ஒருமுறை மட்டும் வந்துவிட்டுத் திரும்பி வராதவர்கள் நிறையப் பேர் என்று கண்டார். ஏமாற்றத்தில் நின்றுவிட்டார்கள் போலும் என்று நினைத்து விசாரித்தார். பெரும்பாலோர் ‘தேவையானது கிடைத்தது, அதனால் வரவில்லை’ என்றார்கள். ஒரே அமர்வில் முடிகிற சிகிச்சை முறை அதற்குப் பிறகு தனியாகவே வளர்ந்தது. உங்கள் கவுன்சலரிடம் ‘என்னால் ஒருமுறைதான் வர முடியும், அதை எப்படிப் பயன்படுத்தலாம்?’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்ப நடத்துவார்.

ஃபோனில் பேசினால் பலன் இருக்குமா?

1959லேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருவழித் தொலைக்காட்சி மூலம் மனநல சிகிச்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அதாவது, இது பெருந்தொற்றுக் காலத்தில் முளைத்த புது யோசனை இல்லை. மனச்சோர்வுக்கும் பதற்றக் கோளாறுகளுக்கும் அறிவாற்றல்-நடத்தை சிகிச்சையை, சுருக்கமாக சி.பி.டி.யை, வல்லுநர் துணையோடு இணையம் வழியாகத் தந்தபோது, நேரில் தந்ததற்கு ஒப்பான பலன் கிடைத்ததாக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சி.பி.டி. என்பது நிகழ்வு, அதைப் பற்றி நமக்கு ஓடும் எண்ணம், அதனால் வரும் உணர்வு, நாம் செய்யும் செயல் ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்து, எண்ணத்தையும் செயலையும் மெல்ல மாற்றப் பழக்கும் முறை. வழக்கமாக 6 முதல் 20 அமர்வுகளில் முடியும். வரம்புள்ள இலவசத் திட்டங்கள் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘வல்லுநர் துணையோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001இல் ‘மூட்ஜிம்’ என்ற சுயஉதவி இணையப் பயிற்சியைக் கொண்டுவந்தது. அதன்பின் இப்படி எத்தனையோ ஆப்கள் வந்துவிட்டன. யார் துணையும் இல்லாமல் தானாகச் செய்யும் பயிற்சிகளை நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை யாராவது பத்து நிமிடம் பேசி ‘எவ்வளவு தூரம் வந்தீர்கள்?’ என்று கேட்டாலே முடிப்பவர்களும் கூடுகிறார்கள், பலனும் கூடுகிறது. ஆகவே ஆப்பை மட்டும் நம்பி முயன்று தோற்றவர் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நண்பர் ஒருவரையாவது அந்த வாராந்திரக் கேள்விக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நம்பகமான இலவசப் பொருள் வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடு படங்களோடும் ஒலிப்பதிவுகளோடும் கிடைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ‘சென்டர் ஃபார் கிளினிக்கல் இன்டர்வென்ஷன்ஸ்’ தளத்தில் கவலை, மனச்சோர்வு, தூக்கமின்மை பற்றிய பயிற்சித் தாள்கள் இலவசம்.

வீடியோவா, ஃபோனா, சாட்டா என்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. வீடியோவில் முகம் தெரியும், உறவு சீக்கிரம் உண்டாகும். முகம் காட்டக் கூச்சமாக இருந்தாலோ இணைப்பு மோசமாக இருந்தாலோ ஃபோனே போதும். சாட், பக்கத்து அறையில் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது. எழுதும்போது யோசிக்க நேரமும் கிடைக்கும். ஆனால் தட்டச்சு செய்வதில் நேரம் போவதால் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம்தான் பேச முடியும். குரல் நடுங்குவதும் மௌனமும் மறுமுனைக்குத் தெரியாது. அழுதால் ‘இப்போது அழுதுகொண்டிருக்கிறேன்’ என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ரகசியம் எங்கே போகிறது?

மனநல ஆலோசனை நடத்தும் பிரபல நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் மின்னஞ்சலையும் மனநலம் பற்றிய தகவலையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்ததாக அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்.டி.சி. குற்றம் சாட்டியது. 2023இல் அந்த வழக்கு 78 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ஃபின்லாந்தில் வாஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்டு, 2020இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு ‘பணம் கொடு, இல்லையென்றால் வெளியிடுவேன்’ என்று மிரட்டல் போனது. நம்மைக் காப்பாற்றிக்கொள்ளச் சில விஷயங்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன். யாரும் பயந்து உதவியே கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

பதிவு செய்யும்முன் தனியுரிமைப் பக்கத்தில் ‘விளம்பரம்’, ‘மூன்றாம் தரப்பு’ என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். கேட்கப்படும் எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டியதில்லை. ஃபேஸ்புக் கணக்கு வழியாக உள்ளே நுழையாமல், தனி மின்னஞ்சல் ஒன்றைப் பயன்படுத்துங்கள். அமர்வு பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகள் எத்தனை காலம் வைக்கப்படும் என்று கவுன்சலரிடம் கேளுங்கள். கவுன்சலர் ரகசியம் காப்பார், ஆனால் அதற்கும் விலக்கு உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தை மீதான கொடுமை, நீதிமன்ற உத்தரவு. நல்ல கவுன்சலர் இதை முதல் அமர்விலேயே விளக்குவார்.

வீட்டில் வன்முறை நடக்கிறது, ஃபோனை வேறு ஒருவர் எடுத்துப் பார்க்கிறார் என்றால், நம்பிக்கையான இன்னொருவரின் ஃபோனிலிருந்து அழைப்பது பாதுகாப்பு.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மனம்விட்டுப் பேசுவது இப்போது பெருகிவருகிறது. எண்ணங்களை எழுதி ஒழுங்குபடுத்திக்கொள்ள அவை உதவலாம். சிகிச்சைக்கு அவற்றை நம்பக் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்காவில் உணவுக் கோளாறுகளுக்கான ஓர் அமைப்பின் சாட்பாட், உதவி தேடி வந்தவர்களுக்கே எடை குறைப்பு யோசனை சொன்னதாகப் புகார் எழுந்து 2023இல் நிறுத்தப்பட்டது. ஆபத்தான ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு மனிதருக்குத்தான் இருக்கிறது.

முதல் அழைப்பு

என்ன பேசுவது என்று தெரியாமல் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ‘எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை’ என்று தொடங்கினாலே போதும், மீதியைக் கேள்வி கேட்டு எடுப்பது அவருடைய வேலை. முடிந்தால் மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன நடக்கிறது, எவ்வளவு காலமாக, அன்றாட வாழ்க்கையில் எது கெட்டுப்போயிருக்கிறது. ‘நான்கு மாதமாகத் தூக்கமில்லை, வேலைக்குப் போக வெறுப்பாக இருக்கிறது, சின்ன விஷயத்துக்கும் குழந்தையிடம் கத்துகிறேன்’ என்பது மிக நல்ல தொடக்கம். ‘பி.எச்.க்யூ-9’ என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வல்லுநரிடம் காட்டுவது நல்லது. அது நோய் உறுதி ஆகாது. ஆனாலும் ‘எனக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?’ என்று குழம்புகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஓர் எண் கிடைக்கும்.

தனியிடம் கிடைப்பது பல வீடுகளில் பெரிய பாடு. மொட்டைமாடி, நிறுத்தி வைத்த வண்டி, நடந்துகொண்டே பேசுவது, எல்லாம் செல்லும். இயர்போன் மாட்டினால் மறுமுனைக் குரலாவது வெளியே கேட்காது. யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்த ஃபைலை நாளை அனுப்புகிறேன்’ என்றதும் கவுன்சலர் பேச்சை மாற்றிவிடுவார்.

அவரும் உங்களிடம் சிலவற்றைக் கேட்பார். இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரமென்றால் யாரை அழைக்கலாம், இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடலாம். வேவு பார்ப்பதாக நினைக்க வேண்டாம், தொலைவிலிருந்து பொறுப்பெடுத்துக்கொள்ள அவருக்கு இந்தத் தகவல் வேண்டும். இருக்கும் நாட்டைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பல இடங்களில் கவுன்சலரின் உரிமம் நீங்கள் இருக்கும் இடத்திலும் செல்ல வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம்கூட இது மாறும். வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த மொழியில் பேச ஆள் தேடுகிறவர்கள் இதை முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

இத்தனை அமர்வில் நிச்சயம் குணம் என்று வாக்குக் கொடுப்பவர், மொத்தப் பணத்தையும் முன்பே கட்டச் சொல்லி நெருக்குபவர், வேறு ஒருவரின் கதையை அடையாளத்தோடு உங்களிடம் சொல்பவர், டாக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்கிற மருத்துவரல்லாதவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகுங்கள். குறை ஏதும் இல்லாமலே ஒருவர் உங்களுக்குப் பொருந்தாமல் போகவும் வாய்ப்பு உண்டு. பேச்சு சிகிச்சையின் பலனில் கவுன்சலருக்கும் வந்தவருக்கும் இடையிலான இணக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரண்டு மூன்று அமர்வு ஆகியும் அவர் புரிந்துகொள்வதாகத் தோன்றவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம், ஆளை மாற்றிக் கேட்கலாம். இலவசம் என்பதால் கிடைத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தொலைவழி போதாத நிலைமைகள்

யாரும் பேசாத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறிய வேகத்தில் இயங்குவது, உணவைத் தவிர்த்து உடல் மோசமாக மெலிவது, தற்கொலைக்கான திட்டமும் வழியும் கையில் இருப்பது. இவற்றுக்கு நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதை மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் சோர்வையும் மந்தத்தையும் உண்டாக்கி மனச்சோர்வுபோலவே தோன்றக்கூடும் என்பதால், ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

உதவி தேவைப்படுவது உங்களுக்கல்ல, வீட்டில் இன்னொருவருக்கு என்றால், ‘நீ போய் யாரையாவது பார்’ என்ற அறிவுரையால் அவர் நகர மாட்டார். சோர்ந்த மனதுக்கு எண்ணைத் தேடுவதே மலைப்பாக இருக்கும். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சேவைகளை விசாரித்து, நேரம், மொழி, கட்டணம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் சம்மதித்தால் எண்ணை அழுத்தி, மறுமுனையில் ஆள் வரும்வரை பக்கத்தில் இருந்து, அப்புறம் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அவர் மறுத்தால், நீங்களே அழைத்து ‘என் தம்பி இப்படி இருக்கிறான், நான் என்ன செய்யலாம்?’ என்று கேட்கலாம். டெலி மானஸ், சமாரிட்டன்ஸ் உட்படப் பல ஹெல்ப்லைன்கள், கவலைப்படும் குடும்பத்தாரிடமும் பேசுகின்றன.